உப்புக்குள் இல்லாத தண்ணீர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மனித மனத்தின் ஆழம், காலத்தின் கட்டாயம் என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற விருப்பமில்லை. ஒரு மனிதரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அவரை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று தோன்றியது. நேரில் அதற்குத் துணிவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் கதை எழுதுவது.

என் மனைவி கடல் உயிரினக் காட்சியகம் ஒன்றில் தண்ணீரைச் சோதிக்கும் வேலை பார்க்கிறாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைப் பிளக்கிற கூட்டத்துக்குத் தெரியாத பின்பக்கம் ஒன்று அங்கே உண்டு: குழாய்கள், நீலப் பீப்பாய்கள், ஈரம் காயாத சிமெண்டுத் தரை, ஓயாத மோட்டார் சத்தம். அந்தப் பின்பக்கத்தில் ஒரு சிறிய அறையில் அவளுடைய தராசும் குடுவைகளும் இருக்கின்றன. பக்கத்து அறை, விலங்குகளைப் பார்த்துக்கொள்கிறவருடையது. அவரை நான் மீன்காரர் என்று அழைக்கப்போகிறேன். அவர் மீன் விற்பவர் அல்ல, நிறையப் படித்தவர். என்ன படித்தவர் என்று சொன்னால் உங்களுக்கு அவர்மேல் மரியாதை வந்துவிடும். அது இந்தக் கதைக்கு நல்லதல்ல.

வேலையிடத்தில் என் மனைவிக்கு எல்லாரும் அண்ணன், தம்பி, அக்காதான். மீன்காரரும் நெடுநாள் அண்ணனாகத்தான் இருந்தார். "நீங்க சொல்லுங்கண்ணே" என்று அவள் தொலைபேசியில் பேசும்போது நான் பாட்டுக்கு நகம் வெட்டிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அந்த அண்ணனைக் காணவில்லை. "நீ பாத்தியா? சரி, நீயே தண்ணிய மாத்திடு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் என்னை அவள் ஒருமுறைகூட 'நீ' என்றதில்லை.

[மரியாதைதானே, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மரியாதை, மின்கட்டணம் வாங்க வருகிறவருக்கும் கிடைக்கிறது.]

ஆகவே ஒரு கதை எழுதுவது, அதில் மீன்காரரை ஒரு தப்பு செய்ய வைப்பது, அந்தக் கதையை அவளைப் படிக்க வைப்பது என்று முடிவு செய்தேன். அது பெரிய தப்பாக இருக்க வேண்டும், ஒரு உயிர் போகிற அளவுக்கு.

2

முதல் தொடக்கம்:

'மீன்காரரின் கைகள் பெரியவை. அந்தக் கைகளால் அவர் எதைத் தொட்டாலும் அது அமைதியாகிவிடும். வலையில் துள்ளிய திருக்கைகூட—'

நிறுத்திவிட்டேன். பழிவாங்க உட்கார்ந்தவன் எதிரிக்குப் பாராட்டு விழா நடத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கைகளை நான் எப்போது இவ்வளவு கவனித்தேன் என்பதும் விளங்கவில்லை.

இரண்டாம் தொடக்கம்:

'மெக்னீசியம் ஒன்று. குளோரைடு இரண்டு. ஒரு பெண், இரண்டு ஆண்கள், ஒரே—'

இதையும் விட்டுவிட்டேன். வேதியியல் புத்தகத்தைத் திறந்த எந்தக் கதாசிரியனுக்கும் முதல் அரைமணியில் தோன்றுகிற உவமை இது. போதாக்குறைக்கு, தண்ணீரில் போட்டால் மூன்றும் பிரிந்து தனித்தனியாகப் போய்விடும் என்று அடுத்த பக்கத்தில் போட்டிருந்தது. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மூன்றாம் தொடக்கம்:

'வாளி.'

இதை அடிக்கவில்லை. ஏன் வாளி என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச நாளாக என் மனைவிக்கு ஒரு புதுப் பழக்கம். துணி ஊறவைக்க வாளியில் சோப்புத்தூளைக் கொட்டிக் கலக்கிவிட்டு, நாலு விரல்களையும் லேசாக மடக்கிப் புறங்கையை வாளியின் வெளிப்பக்கம் வைப்பாள். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. ஒரு மூச்சு விடும் நேரம் பார்ப்பாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போவாள். உப்பு கரைத்தாலும் இதுதான், சர்க்கரை கரைத்தாலும் இதுதான்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் அவளுடைய ஸ்கூட்டர் மக்கர் செய்து, மீன்காரர் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியுமா? நானே எலுமிச்சை பிழிந்து, சர்க்கரை போட்டுக் கலக்கி, அவர் கையில் கொடுத்தேன். அவர் உடனே குடிக்கவில்லை. டம்ளரை மேசையில் வைத்து, நாலு விரல்களையும் லேசாக மடக்கி, புறங்கையை அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு மூச்சு விடும் நேரம். என் மனைவி அதைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார், பழக்கம்" என்றார் மீன்காரர்.

நானும் சிரித்தேன். அசடு வழிந்தது எனக்கே தெரிந்தது. நெடுநாள் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு ஒரே மாதிரி கொட்டாவி வரும், ஒரே மாதிரி உச்சுக் கொட்டுவார்கள். எனக்கும் அவளுக்கும் அப்படி ஒன்றுகூடப் பொதுவாக இல்லை. இவருக்கும் அவளுக்கும் ஒரு கை இருக்கிறது.

3

தப்பு வேண்டும் என்றேன் அல்லவா? அதற்கு எனக்கு விஷயம் தெரியாது. தெரிந்தவள் வீட்டிலேயே இருந்தாள். தன் எதிரிக்குக் குழி தோண்ட மனைவியிடமே மண்வெட்டி கேட்ட ஆளை வேறு எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை.

"ஒரு கதைக்கு வேணும். உங்க மாதிரி இடத்துல வேலை பாக்குற ஒருத்தர் கணக்குல தப்பு பண்ணணும். என்ன தப்பு பண்ணலாம்?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யாரு பண்றது?"

"ஒரு ஆள்."

"கெட்டவனா?"

"சே, சாதாரண ஆள்."

அவள் மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு ஆசை உண்டு. நான்தான் கேட்டதில்லை.

"ஆக்டோபஸுக்குக் காயம் பட்டா, மருந்து போடறதுக்கு முன்னாடி அதைத் தூங்க வைக்கணும். மெக்னீசியம் குளோரைடு கரைச்ச தண்ணியில விட்டாத் தூங்கிடும். தூங்க வைக்கறது மெக்னீசியம் அயனி. அயனியை யாரும் கையில எடுத்து எண்ண முடியாது. நமக்குக் கிடைக்கறது உப்பு, அதுவும் கிராம் கணக்குல. அந்த கிராமை எண்ணிக்கையா மாத்தறதுதான் கணக்கு."

"எப்படி மாத்தறது?"

"டஜன்னா பன்னெண்டு இல்லியா, அந்த மாதிரி மோல்ங்கறதும் ஒரு எண்ணிக்கை. என்ன, ரொம்பப் பெரிய எண்ணிக்கை. ஒரு மோல் உப்பு எத்தனை கிராம்னு தெரிஞ்சா, கையில இருக்கற கிராமை அதால வகுங்க. எத்தனை மோல் உப்புன்னு வந்துடும். ஒரு உப்பு உடைஞ்சா ஒரு மெக்னீசியம், ரெண்டு குளோரைடு. அப்ப மெக்னீசியம் அதே மோல், குளோரைடு ரெட்டிப்பு. முடிஞ்சுது."

ஒரு பழைய காகித உறையைத் திருப்பிப் போட்டு எனக்கு ஒரு கணக்கு கொடுத்தாள். உப்பு எழுபத்தைந்து கிராம். டப்பாவின் லேபிளில் இருப்பது: மெக்னீசியம் குளோரைடு, பக்கத்தில் ஒரு புள்ளி, அதற்குப் பக்கத்தில் ஆறு நீர்.

போட்டேன். மெக்னீசியத்துக்கு 24.3. குளோரினுக்கு 35.5, இரண்டு தடவை, 71. மொத்தம் 95.3. எழுபத்தைந்தை அதால் வகுத்தால் 0.79. ஆகவே மெக்னீசியம் அயனி 0.79 மோல், குளோரைடு அயனி 1.57 மோல்.* மார்தட்டிக்கொள்ளாத குறையாக உறையை அவள் பக்கம் தள்ளினேன்.

[* நீங்களும் கூடவே போட்டுப் பார்த்தீர்களா? இதே விடை வந்ததா? அப்படியென்றால் நீங்களும் என் கட்சி.]

அவள் எட்டிப் பார்த்தாள். உதட்டில் இருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"தண்ணியை விட்டுட்டீங்க."

"எந்தத் தண்ணி?"

"லேபிள்ல ஆறு தண்ணி இருக்கே. கட்டியா இருக்கற உப்புக்குள்ள அது சேந்தே இருக்கும். ஒண்ணு பதினெட்டு, ஆறுக்கு நூத்தியெட்டு. அது எடையில நிக்கும், அயனியில நிக்காது. இருநூத்தி மூணால வகுக்கணும்."

மறுபடி வகுத்தேன். மெக்னீசியம் 0.37 மோல், குளோரைடு 0.74. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

"பிரமாதம். என் ஆளும் இதே தப்பைப் பண்ணிடட்டும்."

"பண்ண மாட்டான்" என்றாள். "இது புதுசா வர்றவங்க பண்றது. பழகினவங்க தண்ணியை மறக்கவே மாட்டாங்க. அவங்க பண்ற தப்பு வேற."

"என்னது?"

அவள் உறையை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"தண்ணி இல்லாத உப்பு வந்திருக்கும். இருக்குன்னு நெனச்சுக்குவாங்க."

4

[இதுதான் நான் எழுதிய பழிவாங்கும் காட்சி. ஒரு எழுத்தும் மாற்றாமல் தருகிறேன்.]

'மீன்காரர் புதிதாக வந்த டப்பாவைத் திறந்தார். எப்போதும் வருகிற உப்பு நீரேறியது, ஈரக் கட்டிகளாக இருக்கும். இது நீரற்றது, உலர்ந்த பொடி. அவர் லேபிளைப் படிக்கவில்லை. கர்வம் பிடித்தவர்கள் படிப்பதில்லை. வழக்கம்போல ஒரு லிட்டருக்கு எழுபத்தைந்து கிராம் என்று நிறுத்து, வாளித் தண்ணீரில் கொட்டினார். இருநூற்று மூன்றால் வகுத்து வைத்திருந்த பழைய கணக்கு அது. இந்த உப்புக்குத் தொண்ணூற்றைந்தால் வகுத்திருக்க வேண்டும். லிட்டருக்கு 0.37 மோல் இருக்க வேண்டிய இடத்தில் 0.79 மோல் மெக்னீசியம், இரண்டு பங்குக்கும் மேலே. உப்பு சத்தமில்லாமல் கரைந்தது. அவர் சீட்டியடித்துக்கொண்டே ஆக்டோபஸை உள்ளே விட்டார். அது வெளுத்தது, தளர்ந்தது, செத்தது.'

சீட்டியடிப்பதைச் சேர்த்தபோது எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா? அவருக்குச் சீட்டியடிக்க வருமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

என் மனைவி நின்றுகொண்டே படித்தாள். மீன்காரர் யார் என்று அவளுக்குப் புரியாமல் இருந்திருக்காது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ரெண்டு எடத்துல தப்பு" என்றாள். "அது சாகல."

"சாகலையா?"

"செத்தே ஆகணும்னு இல்ல." காகிதத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டாவது, சத்தமில்லாமல்லாம் கரையாது. தண்ணி இல்லாத அந்த உப்பைத் தண்ணியில போட்டா வாளி சுடும். நல்லாவே சுடும்."

சொல்லும்போதே அவள் வலது கை எழுந்தது. நாலு விரல்கள் லேசாக மடங்கின. அங்கே இல்லாத ஒரு வாளியின்மேல் அந்தப் புறங்கை போய் நின்றது.

எனக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. சோப்புத்தூள் வாளி, சர்க்கரை, எலுமிச்சை டம்ளர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. துப்பறியும் கதை எழுதுகிறவனாக இருந்தால் எப்போதோ கண்டுபிடித்திருப்பேன். நான் குடும்பக் கதை எழுதுகிறவன், எனக்குக் குடும்பத்தில் நடப்பது தெரிவதில்லை.

"யார் பண்ண தப்பு இது?" என்றேன்.

"நான்தான்."

5

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதை எழுதலாமா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

"டப்பா ஒரே மாதிரி, மூடி ஒரே மாதிரி. பொடியா இருக்கேன்னு ஒரு செகண்ட் தோணுச்சு. புது சரக்கு, நல்லா அரைச்சு அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சேன். வாளி சுட்டுது. உங்க மீன்காரரும் புறங்கையை வெச்சுப் பாத்தாரு. கதவுக்கிட்ட வெயில்ல இருந்த வாளிதானேன்னு நெனச்சேன். ஆற வெச்சேன் வேற. கணக்கு எனக்கு மனப்பாடம். மனப்பாடம் இல்லாதவங்களா இருந்தா லேபிளைப் பாத்திருப்பாங்க."

"அப்புறம்?"

"உள்ள விட்டதும் வெளுத்துப்போச்சு. மூச்சு நின்னுபோச்சு. அவர் அதை ரெண்டு கையாலயும் அள்ளி நல்ல தண்ணித் தொட்டியில வெச்சு, உடம்பை அமுக்கி அமுக்கி உள்ள தண்ணி போக வெச்சாரு. நான் பக்கத்துல நின்னு 'விடாத, அமுக்கு, விடாத'ன்னு கத்தறேன். எவ்ளோ நேரம்னு தெரியல. அப்புறம் அதோட கை ஒண்ணு அவர் மணிக்கட்டைப் பிடிச்சுது. லேசா. அவர் அழுதுட்டாரு. நானும். அதுக்கப்புறம் அண்ணேன்னு கூப்பிட வரல. வலுக்கட்டாயமா நீங்கன்னு கூப்பிட்டா ரெண்டு பேருக்கும் சிரிப்பு வருது."

"அங்க வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். அன்னைக்கே நிர்வாகிகிட்ட எழுதிக் குடுத்துட்டேன். தொட்டி கழுவற அக்கா எனக்குத் தனியா டீ போட்டுக் குடுத்தாங்க."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. தொட்டி கழுவுகிற அக்காவுக்கு, நிர்வாகிக்கு, ஏன், அந்த ஆக்டோபஸுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. மீன்காரர்மேல் இருந்த பொறாமை அந்த நிமிடம் பங்கு பங்காகப் பிரிந்து அக்காவுக்கும் ஒரு பங்கு போனது. டீ போட்டுக் கொடுத்திருக்க வேண்டியவன் நானல்லவா?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவள் மெதுவாகப் பேசினாள்.

"அப்பா விழுந்தப்ப உங்ககிட்டதானே வந்து அழுதேன். மூணாவது மாசம் பத்திரிகையில வந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. படிச்சவங்க எல்லாம் எங்கிட்ட வந்து, நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. நான் என்ன சொல்றது, நன்றின்னு சொன்னேன்." மேசைமேல் இருந்த காகிதத்தை விரலால் நேர்ப்படுத்தினாள். "உங்ககிட்ட சொன்னா அது எனக்கு நடந்ததா இருக்காதுங்க. உங்களுக்குக் கிடைச்சதா ஆயிடும்."

"அவர்கிட்ட மட்டும்—"

"அவர்கிட்ட நான் எதையும் சொல்லல. அவர் அங்க இருந்தாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கல."

[இந்த இடத்தில் நான் ஏதாவது நல்ல வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். பல நாள் யோசித்தும் அகப்படவில்லை. நான் உண்மையில் சொன்னது: "சீட்டியடிப்பாரா அவர்?" அவள் எழுந்து போய்விட்டாள்.]

6

இப்போது முடிவுகள்.

முதல் முடிவு, ஏற்கெனவே எழுதியது: ஆக்டோபஸ் சாகிறது, மீன்காரர் தலைகுனிகிறார். இதில் என் மனைவிக்குப் பாதுகாப்பு. யாரும் அவளை நினைக்க மாட்டார்கள். ஆனால் காப்பாற்றிய கையைக் கொன்ற கையாக எழுத வேண்டும்.

இரண்டாம் முடிவு: நடந்தது நடந்தபடி. தப்பு அவளுடையது, காப்பாற்றியது அவர். நல்ல கதை. அப்பா விழுந்ததைவிட நல்ல கதை. இதை எழுதினால், கேட்டதையெல்லாம் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னது அச்சிலேயே நிரூபணமாகிவிடும். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவுமே சொல்ல மாட்டாள். சாப்பிட்டாச்சா, கேஸ் வந்துச்சா, அவ்வளவோடு வாழ்ந்து முடிப்போம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது மீன்காரர் வந்தார். ஸ்கூட்டர் மறுபடியும் மக்கர். அவள் உள்ளே போனபின், ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ஏதோ கதை எழுதறீங்கன்னு சொன்னா." சொன்னா. சொன்னாங்க இல்லை. "அதுல என்னையே போட்டுடுங்க சார். உப்பைக் கொட்டினது நான்னே இருக்கட்டும். கதைதானே. அவளுக்கு அது இன்னும் ஆறல."

இதைவிட அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். நான் திட்டம் போட்டு, குழி தோண்டி, சீட்டியெல்லாம் சேர்த்து அவரைத் தள்ளப் பார்த்தேன். அவர் தானே உள்ளே இறங்கி, மேலே நிற்கிற என்னைப் பார்த்து, மண்ணைப் போடுங்க சார் என்கிறார். நான் உண்டாக்கிய கதைக்குள்ளும் அவளைக் காப்பாற்றுகிற வேலை அவருக்கே போகிறது. என் சொந்தக் கதையில் எனக்கு இடமில்லை.

"யோசிக்கறேன்" என்றேன். வண்டி கிளம்பிப் போகும்போது அவர் சீட்டியடிக்கிறாரா என்று கவனித்தேன். இல்லை.

மூன்றாம் முடிவு அப்போதுதான் தோன்றியது. உப்பைக் கொட்டியது நானாக இருந்தால் என்ன? கதைதானே. தராசு இருக்கிற அந்தச் சிறிய அறையில் நான் வேலை பார்க்கிறேன். கணக்கு எனக்கு மனப்பாடம். உட்கார்ந்து எழுதினேன்:

'நான் உப்பைக் கொட்டினேன். கலக்கினேன். வாளியின்மேல் புறங்கையை வைத்தேன். அது—'

அது எப்படி இருந்தது? எனக்குத் தெரியவில்லை. காபி டம்ளர் மாதிரியா? வெயிலில் நின்ற வண்டி மாதிரியா? அந்தச் சூடு தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் பேனாவை மூடினேன்.

7

ஐந்தாம் பகுதிவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். ஆறாம் பகுதியில் நின்றுபோன அந்த வரியையும் கொடுத்தேன். கிழித்துப் போடுவதானால் போடு, எங்கிட்ட வேற பிரதி இல்ல என்றேன். உண்மையிலேயே இல்லை.

அவள் அதைக் கிழிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. சில நாள் குளிர்சாதனப் பெட்டியின் மேலே கிடந்தது. பிறகு ஒரு விடுமுறைக் காலையில், கைப்பையிலிருந்து மூடி போட்ட சின்னப் பாட்டில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே வெள்ளைப் பொடி.

"கேட்டு வாங்கிட்டுத்தான் வந்தேன்" என்றாள். "லேபிளைப் படிங்க."

படித்தேன். மெக்னீசியம் குளோரைடு. பக்கத்தில் புள்ளி இல்லை. புள்ளிக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

குளியலறைக்குப் போனோம். ஒரு சின்ன வாளியின் அடியில் கொஞ்சமாகத் தண்ணீர் பிடித்தாள். "உள்ள கை விடாதீங்க. வெளிய வைங்க." நான் உள்ளங்கையை வைத்தேன். அவள் அதைப் பிடித்துத் திருப்பி, விரல்களை மடக்கி, புறங்கையாக வைத்தாள். பாட்டிலைக் கவிழ்த்துக் குச்சியால் கலக்கினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாளியின் அந்தப் பக்கத்திலிருந்து சூடு வந்தது. அது எதைப் போல இருந்தது என்று எழுத ஒரு சொல் தயாராக வந்தது. அதை விட்டுவிட்டேன்.

அவளும் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவரைக்கும் எழுதிக்கோங்க" என்றாள். "யார் பேர்ல வேணா எழுதிக்கோங்க, எனக்குக் கவலை இல்ல. இப்ப ஒண்ணு சொல்லப்போறேன். அது வேணாம்."

சரி என்று தலையசைத்தேன்.

அவள் சொன்னாள். நீளமாக இல்லை. அவளுக்கு அந்த நாளில் நடந்தவற்றில் யாரிடமும், நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்ததில்கூட, சொல்லாத ஒன்று. சொல்லும்போது, எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக, என்னை 'நீ' என்றாள். அவளே கவனித்தாளா, தெரியாது. வாளி ஆறும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

கதைக்கு முடிவு கேட்பீர்கள். உப்பைக் கொட்டியது அவளா, மீன்காரரா, நானா என்பதை உங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கும் சம்மதம். எழுபத்தைந்து கிராமில் எத்தனை மோல் அயனிகள் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், லேபிளைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஆனால் குளியலறையில் அவள் சொன்னதுதான் இந்தக் கதையின் உண்மையான முடிவு. அது என்னிடம் இருக்கிறது. மீன்காரருக்குத் தெரியாது. டீ போட்டுக் கொடுத்த அக்காவுக்குத் தெரியாது.

உங்களுக்கும் சொல்ல மாட்டேன். வயிறு எரிந்தால் எரியட்டும்.